கிளியை மறைத்த கண்ணாடி

எதிரே வந்த அத்தனை பேரையும் பின்னால் போகச் சொன்ன மனிதர் ஒருவர் இந்தப் பூமியில் இருந்தார் என்றால், அவர் தோணிரேவு பிஸ்தோல் நைனா மட்டும்தான். வந்தவர் சம்பந்தியா, ஊர் நாட்டாரா, ஒல்லாந்தர் கோட்டைச் சிப்பாயா என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. கையைத் தூக்கி, "கொஞ்சம் பின்னால போ. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், இப்பத் தெரியுது. நீயா? இன்னா சேதி?" என்பார். சேதி சொல்ல வந்தவர் அதற்குள் கூப்பிடு தூரத்துக்குப் போயிருப்பார். அதனால் நைனாவிடம் யாரும் ரகசியம் பேசியதில்லை. பேசியவை எல்லாம் மறுநாள் ஏரிக்கரை முழுக்கத் தெரிந்திருக்கும்.

அவர் மகளைப் பெண் பார்க்கச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்தார்கள். நைனாவின் குடிசை தண்ணீரை ஒட்டி இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மரியாதைக்காரர். போகச் சொன்னபடியெல்லாம் பின்னால் போனார். அவர் முகம் நைனாவுக்குத் தெளிவாவதற்குள் ஏரி அவர் முழங்காலைத் தொட்டுவிட்டது.

"சம்பந்தி நல்ல களையாத்தான் கீறாரு," என்று நைனா கரையிலிருந்து சம்மதம் சொன்னார். வெற்றிலைத் தட்டை யாரோ தண்ணீருக்குள் எடுத்துப் போய்க் கொடுத்தார்கள்.

தூரத்தில் இருப்பது எதுவும் அவரிடமிருந்து தப்பாது. ஏரிக்கு அந்தப் பக்கம் போகும் படகின் பாயில் எந்த மூலையில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்வார். பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து, "அதுல ஒண்ணு நொண்டுது" என்பார். நம்பாமல் படகு தள்ளிப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. நொண்டும். ஆனால் தன் தட்டில் இருக்கும் மீனில் முள் எது, சதை எது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, உரல் மேல் ஏறி நின்று, குனிந்து ஆராய்ந்து, முள் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு, இறங்கி வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். மறுபடி ஏறுவார்.

"சோறு துன்றியா, வேவு பாக்குறியா?" என்பாள் அவர் மனைவி அஞ்சலை.

"முள்ளு குத்தினா எனுக்குத்தான வலிக்கும், உனுக்கு இன்னா?"

"குத்தட்டும். அப்பயாச்சும் கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருப்ப."

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. கோட்டையின் ஆயுதக் கொட்டடியில் பிஸ்தோல்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சரியாகச் சுடுகிறதா என்று சுட்டுப் பார்த்து அடுக்கி வைப்பது அவர் வேலை. உள்ளூர்க்காரர்களில் பிஸ்தோலைச் சுட அனுமதி இருந்தது அவருக்கு மட்டும்தான். அந்தப் பெருமை அவர் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தெருவில் நடந்தால் வழியில் இருக்கும் பானை, பனங்காய், காக்கை எல்லாவற்றையும் ஒரு கண்ணை மூடி, விரலை நீட்டிக் குறி பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். தோணிரேவுக் கோழிகள் அவரைக் கண்டால் வேலிக்குள் புகுந்துகொள்ளும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

நான் அதே கோட்டையில் துபாஷி. டச்சுக்காரரான ஒல்லாந்தர் பேசுவதை ஊருக்கும், ஊர் பேசுவதை ஒல்லாந்தருக்கும் மாற்றிச் சொல்கிறவன். கோட்டைப் பள்ளியில் அவர்கள் பாஷையைப் படித்தவன். எனக்கு நைனாவுக்கு நேர்மாறான கண். கிட்டே இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது புகை. அதற்காக மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன். ஊரில் அதை என் படிப்பின் அடையாளமாக நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

இந்த நைனாவுக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அதைக் கடைசிவரை மறைத்து வைத்து, படிக்கிறவர்களைக் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டைத் தலைவரிடம் ஒரே ஒரு சொல் பொய் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

ஏரியில் வலை கட்டுவதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த ஊர் எந்த இடத்தில் கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சீட்டு விழுந்த இடத்தில் வேற்றூர்க்காரன் வலையை நனைக்கக்கூட மாட்டான். அந்த இடங்களிலேயே பெரிய இடம், ஏரி கடலில் சேரும் முகத்துவாரம். மழை முடிந்து தண்ணீர் வடியும்போது இறால் கூட்டம் கூட்டமாக அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும். பல வருஷம் ஏமாந்த பிறகு அந்த முறை தோணிரேவுக்கு முகத்துவாரம் விழுந்தது. அஞ்சலை உள்பட ஊர்ப் பெண்கள் எல்லாரும் புது வலைக்கு நூல் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்த பித்தளையை விற்று நூல் வாங்கியவர்களும் உண்டு.

அப்போதுதான் கப்பித்தான், அதாவது கோட்டைத் தலைவர், உத்தரவு போட்டார். கப்பலுக்குத் துணி மூட்டை ஏற்றிப்போகும் படகுகளுக்கு இடைஞ்சலாம். முகத்துவாரத்தில் இனி வலை கட்டக் கூடாது. அந்த உத்தரவை ஊரில் போய்ப் படித்தவன் நான். படித்து முடித்தேன். ஊர்த் தலைவரான நாட்டார், "அப்ப இந்த வருசம் நாங்க இன்னா துன்றது? அதையும் அந்தத் தாள்ல எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

நைனா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். அங்கிருந்துதான் அவருக்கு எல்லா முகமும் தெரியும்.

"நான் கிளிய அடிக்கிறேன்," என்றார்.

ஒல்லாந்தருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் கோட்டைக்கு வெளியே மணலில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் மரத்தால் செய்த கிளியை ஆணி அடித்து நிறுத்துவார்கள். முறை வைத்துச் சுடுவார்கள். இறக்கை போகும், வால் போகும். கடைசியில் யார் குண்டுக்கு உடம்பு கீழே விழுகிறதோ அவர் ஒரு வருஷத்துக்குக் கிளிராஜா. ராஜா கேட்கும் ஒரு வேண்டுதலை, கோட்டைக்குச் செலவு வைக்காததாக இருந்தால், கப்பித்தான் மறுக்கக் கூடாது. அவர்கள் ஊரில் இதை நீளத் துப்பாக்கியால் சுடுவார்களாம். எங்கள் கப்பித்தானுக்கு வீட்டிலிருந்து ஒரு ஜோடி பிஸ்தோல் வந்திருந்தது. அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கம்பத்தைக் குட்டையாக்கி, பிஸ்தோலால் சுட வேண்டும் என்று மாற்றிவிட்டார். கோட்டையில் சம்பளம் வாங்கும் யாரும் சுடலாம். சிப்பாய்கள் ராஜாவானால் சாராயம் கேட்பார்கள். வலை கட்டும் இடத்தைக் கேட்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

ஊர் ஒரே நாளில் நிமிர்ந்தது. நான் மட்டும் அதில் சேரவில்லை. ஏனென்றால் நைனாவின் குண்டு எதையும் தொட்டு நெடுநாளாகிவிட்டது என்பது கொட்டடிக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். வாலிபத்தில் அவர் பெரிய கில்லாடி. கம்பு நுனியில் வைத்த புன்னைக்காயைச் சிதறடிப்பார். இப்போது கம்பின் மேல் சட்டி வைத்தால் கம்பையும் தொடுவதில்லை, சட்டியையும் தொடுவதில்லை. தவறியதற்குக் காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும். காற்று, ஈர வெடிமருந்து, குண்டு கோணல். ஒரு முறை, காலடியில் போன நண்டு தன்னைப் பார்த்தது என்றார்.

"உனக்குக் கண் போயிடுச்சு நைனா," என்றேன்.

"எனுக்கா? அதோ அந்தச் சட்டி வாயில எறும்பு ஏறுது பாரு. உனுக்குத் தெரியுதா?"

தெரியவில்லை. அதுதான் புதிர். சட்டியில் எறும்பைப் பார்க்கிறவர் சட்டியைச் சுட முடியவில்லை.

கோட்டை வைத்தியரிடம் ஒரு பெட்டி நிறைய மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. வயதானவர்கள் படிக்கப் போடும் வகை. லேசானதில் தொடங்கி தடித்ததுவரை வரிசையாக அடுக்கியிருந்தார். அவரிடம் கெஞ்சிப் பெட்டியை வாங்கிக்கொண்டு நைனாவை ஏரி வற்றிய சேற்றுத் திடலுக்குக் கூட்டிப் போனேன். சட்டி தூரத்தில் இருக்கிறது, தூரம் அவருக்குத் தெரிகிறது, பின் கண்ணாடி எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் செய்தேன்.

முதலில் தடித்த கண்ணாடியை மாட்டினேன். அது காதில் நிற்காமல் மூக்கை மட்டும் கவ்வுகிற வகை. வலை நூலால் தலையைச் சுற்றிக் கட்டினோம்.

"ஐயோ, ஏரியக் காணோம்டா," என்று நைனா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். "சட்டியக் காணோம். உன்னயும் காணோம். பேஜாராப் போச்சு."

ஒவ்வொன்றாக லேசானதற்கு வந்தோம். பெட்டியிலேயே மிக லேசானதைக் கட்டியபோது அவர் பிஸ்தோலை நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். குழாயின் நுனியில் குறி பார்க்க ஒரு பித்தளைப் பொட்டு இருக்கும், மிளகைவிடச் சிறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துபாஷி, இது இங்கதான் இருந்துச்சா?"

"எது?"

"இந்தப் பொட்டு. ரொம்ப நாளா இது ஈ மொய்ச்ச மாதிரி தெரிஞ்சிச்சு. நான் எண்ண அழுக்குன்னு தொடச்சிக்கினே இருந்தேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிஸ்தோல் சிறிய சாமான். கை நுனியில் பொட்டு ஒரு கடுகளவு விலகினால், குண்டு கம்பத்தருகே போகும்போது ஒரு சாண் விலகியிருக்கும். நைனா இத்தனை நாளும் சட்டியைத் தெளிவாகப் பார்த்து, பொட்டைக் கலங்கலாகப் பார்த்துச் சுட்டிருக்கிறார். தெளிவாகத் தெரிய வேண்டியது கை நீட்டும் தூரத்தில் இருக்கும் பொட்டுதான்.

ஆனால் நைனா கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தார். "சட்டி மொழுக்குனு கீதுடா. ஓரம் தெரியல. கஞ்சில விழுந்த மாதிரி கீது. தெரியாத ஒண்ண எப்டிச் சுடுறது?"

"சட்டியை மறந்துடு நைனா. அது அங்கேயேதான் இருக்கும். பொட்டை மட்டும் பாரு."

"சுடுறதப் பாக்காம சுடச் சொல்றான், படிச்சவன்," என்று ஏரியிடம் முறையிட்டார். பிறகு மூச்சை அடக்கிச் சுட்டார். சட்டி உடைந்தது. அவர் நம்பவில்லை, தற்செயல் என்றார். அடுத்த சட்டியும் உடைந்தது. அதுவும் தற்செயல் என்றார். அஞ்சலையின் குழம்புச் சட்டி உடைந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். அந்தச் சட்டியைப் பற்றி அன்று வீட்டில் நடந்த பேச்சை நான் எழுத விரும்பவில்லை.

கிளி நாள் வந்தது. கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் சிப்பாய்களும் அதிகாரிகளும். மறுபக்கம் தோணிரேவு முழுவதும். பெண்கள் பாதி முறுக்கிய நூலை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், யாரும் முறுக்கவில்லை. எல்லார் கண்ணும் மரக்கிளி மேல் இருந்தது. பச்சை வண்ணம், சிவப்பு மூக்கு. என் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது எங்களைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

சிப்பாய்கள் சுட்டார்கள். வால் போனது, ஓர் இறக்கை போனது. கப்பித்தான் தன் புதுப் பிஸ்தோலால் சுட்டார். குண்டு கடலுக்குப் போனது. அவர் பிஸ்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியாக நைனாவின் முறை. அவர் மடியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, நூலைப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டபோது சிப்பாய்கள் சிரித்தார்கள். நைனா கையை நீட்டினார். கம்பத்தின் பக்கம் அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. தன் கைநுனியை மட்டும், ஊசியில் நூல் கோர்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

குண்டு கிளியின் நெஞ்சில் பட்டது. கிளி ஒரு சுற்றுச் சுற்றி, ஒற்றை ஆணியில் தலைகீழாகத் தொங்கியது. விழவில்லை.

எங்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பியது. "உரசினாப் போதும் நைனா, அடுத்த தபா உரசினாப் போதும்," என்று நாட்டார் கத்தினார். அடுத்த சுற்றில் முதல் முறை நைனாவுக்கு. அதற்குப் பிறகு கப்பித்தான்.

அப்போது கப்பித்தான் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "அந்தக் கண்ணாடி அவனுக்குக் கிளியைக் காட்டுகிறதா?" என்று தன் பாஷையில் கேட்டார்.

உண்மையான பதில் மிகச் சுலபம். இல்லை ஐயா, அது கிளியை மறைக்கிறது, அதை மாட்டினால் அவருக்குக் கிளி சரியாகத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சுற்றிலும் அதிகாரிகள் நின்றார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பௌர்ணமியில் பிடிக்கும் நண்டில் சதை இருக்காது என்று மீனவர்கள் சொன்னதை அப்படியே அவர்கள் சாப்பாட்டு மேஜையில் மொழிபெயர்த்தேன். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தபோதெல்லாம், "துபாஷி, இன்றைக்கு நிலா எப்படி? நண்டு சௌக்கியமா?" என்று கேட்டார்கள். என் படிப்பு, என் கண்ணாடி, என் வெள்ளை அங்கி எல்லாம் அந்த நண்டுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தன. இப்போது போய், இலக்கை மறைக்கும் கண்ணாடியைப் போட்டுத்தான் இவர் இலக்கை அடிக்கிறார் என்று சொன்னால் என்ன ஆகும்?

"ஆமாம்," என்றேன். அவர்கள் பாஷையில் அது 'யா'. ஒரே எழுத்து.

"அப்படியானால் அது நியாயமில்லை. கழற்றிவிட்டுச் சுடட்டும்."

நைனாவிடம் போனேன். "கண்ணாடியக் கழட்டணுமாம்."

"ஏன்?"

"உத்தரவு."

அவர் என்னைப் பார்த்தார். நான் மிகக் கிட்டத்தில் நின்றேன். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் முடிச்சை அவிழ்த்து, கண்ணாடியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய் நின்றார். கையை நீட்டினார். நீட்டிய கையை இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்தைப் பின்னால் சாய்த்தார், எவ்வளவு சாய முடியுமோ அவ்வளவு சாய்ந்தார். கையும் கூடவே பின்னால் வந்தது. கை உடம்போடு ஒட்டியதுதானே. மறுபடி நீட்டினார். எங்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை இருமியது, அதன் வாயைத் தாய் பொத்தினாள்.

சுட்டார். கிளி அசையவில்லை. கம்பமும் அசையவில்லை.

அடுத்துக் கப்பித்தான் சுட்டார். குண்டு கிளியைத் தொட்டதா, கம்பத்தைத் தொட்டு அதிர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏற்கெனவே ஒற்றை ஆணியில் ஊசலாடிய கிளி விழுந்தது. கப்பித்தானே கிளிராஜா. தனக்குத் தானே என்ன வேண்டுதல் கேட்பது என்று அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோணிரேவு ஜனங்கள் கயிற்றைத் தாண்டி, மணலில் நடந்து வீடு போனார்கள்.

மேஜையில் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கப்பித்தான் விளையாட்டாகத் தன் கண்ணில் வைத்தார். கம்பத்தைப் பார்த்தார். எடுத்தார், மறுபடி வைத்தார். "இதில் கம்பமே மங்கலாக இருக்கிறதே," என்று என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொழுது சாயும்போது வலை உலர்த்தும் திடலில் ஊர் கூடியது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நானும் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்ததில் நல்ல நல்ல வாக்கியங்கள் வந்தன.

"இன்னா ஆச்சு நைனா?" என்றார் நாட்டார். "மொத தபா அடிச்சியே. ரெண்டாவது தபா இன்னா ஆச்சு?"

நான் எழுந்தேன். "நான் ஒன்று சொல்ல வேண்டும்..."

"நீ குந்து," என்றார் நைனா. "கேட்டது என்னை. கை நடுங்கிடுச்சி நாட்டாரே. ஊரு மொத்தமும் பாத்துக்கினு இருந்துச்சா, பயந்துட்டேன். அவ்ளோதான்."

"நீயா பயந்த?"

"ஏன், நான் பயப்படக் கூடாதா?"

யாரோ காறித் துப்பினார்கள். முன்வரிசையிலிருந்த ஒருத்தி, தான் முறுக்கிய நூல் உருண்டையை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். அவர் அதைக் குனிந்து தேடி எடுத்து, மணலைத் தட்டி, அஞ்சலையிடம் கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பின்னாலேயே ஓடினேன். "நைனா, நான் அங்கே கப்பித்தான்கிட்ட..."

"'யா'ன்னு சொன்ன. கேட்டுச்சு. அவனுங்க பிஸ்தோல தொடச்சே என் தலை நரைச்சிடுச்சி, அந்த ஒரு வார்த்தகூடவா எனுக்குத் தெரியாது?"

நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

"நீ சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? உன்ன ஏரில முக்கியிருப்பானுங்க. அப்பறம் கோட்டையில போயி எங்களுக்காவ யாரு பேசறது? நானா? எனுக்குத் தெரிஞ்சதே அந்த 'யா' ஒண்ணுதான்." கொஞ்ச தூரம் நடந்தார். "நாளைக்குப் போ. அந்த ஆளுகிட்ட நெசத்தச் சொல்லு. சிரிப்பான். சிரிச்சிட்டுப் போறான். சிரிச்சா உன் தோலு உரிஞ்சிடாது. பாடு இன்னும் போவல, தண்ணி வடிய நாளு கீது."

மறுநாள் போனேன். கப்பித்தான் தனியாக இருந்தார். நேற்று நான் சொன்னது பொய் என்றேன். கண்ணாடி கிளியை மறைக்கிறது, பொட்டைக் காட்டுகிறது, பொட்டுதான் முக்கியம் என்றேன். அவர் சிரித்தார். நண்டுக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார். நான் நின்றேன். தோல் உரியவில்லை. "வா," என்று என்னைக் கொத்தளத்துக்கு இழுத்துப் போய், ஒரு சாராயப் புட்டியை மதில் மேல் வைக்கச் சொல்லி, நைனாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சிரித்துக்கொண்டே பிஸ்தோலை நீட்டினார்.

சிரிப்பு நின்றது. அவரும் நைனா வயதுக்காரர்தான். பொட்டையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். சுட்டார். புட்டி இல்லை.

"இதை யாரிடமும் சொல்லாதே," என்றார் மெதுவாக. புதுப் பிஸ்தோல் சரியில்லை என்று சொந்த ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டாராம்.

அவர் மனம் இளகியிருந்த அந்த நேரத்தில் முகத்துவாரத்துப் பாடு பற்றிக் கேட்டேன். நைனாவின் முதல் குண்டுதான் கிளியை ஆணியிலிருந்து பெயர்த்தது, உண்மையான ராஜா யார் என்பது கப்பித்தானுக்கே தெரியும் என்றேன். என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கப்பல் நங்கூரம் போட்டிருக்கும் நாட்களில் வலை கூடாது, மற்ற நாட்களில் கட்டிக்கொள்ளட்டும் என்றார். அந்தப் பருவத்தில் கப்பல் அதிகம் வராது. தோணிரேவு அந்த வருஷம் பட்டினி கிடக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துவது. உத்தரவை மாற்றி எழுதிய தாளை ஊரில் போய்ப் படித்தவன் நானாகையால், வாங்கிக் கொடுத்தவனும் நானே என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எனக்கு மாலை போட்டார்கள். இறால் பருவம் முடியும்போதெல்லாம் நல்ல பெரிய மடவை மீனாக ஒன்று என் வீட்டுக்கு வரும். நான் வாங்கிக்கொண்டேன். வருஷா வருஷம் வாங்கிக்கொண்டேன். நைனாவுக்குக் கிடைத்தது கேலி. "இன்னா நைனா, கிளி பறந்துடுச்சா?" என்று படகில் போகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். "பறந்துடுச்சிப்பா, நல்ல கிளி," என்பார். என்னை வழியில் கண்டால் கும்பிட்டுவிட்டு, "மடவ ருசியா இருந்துச்சா துபாஷி?" என்று கேட்பார். அதில் குத்தல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடுவேன். இருந்ததில்லை. நிஜமாகவே மீனைப் பற்றித்தான் கேட்டார்.

அவர் இறந்தபோது நான் கோட்டை வேலையாக வெளியூரில் இருந்தேன். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் பருவமும் நாட்டாரின் மகன் மடவையோடு வந்து வாசலில் நின்றான். என்னால் முடியவில்லை. அவனை உட்காரச் சொல்லி, 'யா' என்று சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீனை நைனா வீட்டுக்கு எடுத்துப் போ, அது என்றைக்கும் அவருடையதுதான் என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான்.

"எங்களுக்குத் தெரியுமே அய்யா. கருமாதி அன்னிக்கு எவனோ கிளி பேச்ச எடுத்தான். அஞ்சலை ஆயாவுக்குப் பொறுக்கல, மொத்தத்தையும் போட்டு ஒடச்சிட்டாங்க."

"தெரிந்துமா மீன் கொண்டுவந்தாய்?"

"நைனா சொல்லிட்டுப் போனாராம் அய்யா. எனுக்கு அப்பறம் என்னிக்காச்சும் விசயம் வெளிய வந்துச்சின்னா, துபாஷிக்கு மீன மட்டும் நிறுத்திடாதீங்க, நிறுத்தினா ஊருக்குத் தெரிஞ்சிடுச்சின்னு புரிஞ்சிக்குவான், அந்த ஆளு ரொம்ப வெக்கப்படுவான், தாங்கமாட்டான்னு."

அவன் மீனை நீட்டினான். இத்தனை வருஷமும் உட்கார்ந்தபடியே ஒரு கையால் வாங்கிய மீனை, அன்று எழுந்து போய், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.